படத்துக்கு ஃபிரேம் போட எவ்வளவு ஆகும்? கிராஃப்ட் கடை பில்லைப் பிரித்துப் பார்ப்போம்

அமெரிக்காவில் மைக்கேல்ஸ், ஹாபி லாபி மாதிரியான கிராஃப்ட் கடைகளில், சுவர் முழுக்க ‘ட’ வடிவச் சட்டத் துண்டுகள் ஒட்டியிருக்கும் ஒரு கவுன்டர் இருக்கும். 20 டாலருக்கு வாங்கிய பிரின்ட்டைக் கொண்டுபோனால் 300 டாலர் பில் நீட்டுகிற இடம் அதுதான். தொகையைக் கேட்டதும் படத்தைச் சுருட்டிக்கொண்டு திரும்புகிறவர்கள் உண்டு. பாதி விலைத் தள்ளுபடி என்ற பலகையைப் பார்த்து மனம் தேறிக் கையெழுத்துப் போடுகிறவர்களும் உண்டு. இரு தரப்பும் செய்யாமல் விடுவது ஒன்றுதான்: பில்லை வரி வரியாகப் படிப்பது.

அளவு சொல்லிச் செய்யும் ஃபிரேமின் பில்லில் ஐந்து வரி இருக்கும். சட்டக் கட்டை, அதாவது மோல்டிங். படத்தைச் சுற்றி வரும் மேட் அட்டை. கண்ணாடி. படத்தைப் பின்னட்டையில் பொருத்தும் வேலை, அதாவது மவுன்டிங். கடைசியாக எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டி, பின்னால் தாள் ஒட்டி, கம்பி மாட்டிக் கொடுக்கும் கூலி. சில கடைகளில் கூலி தனி வரியாக வராது. மற்றவற்றின் விலைக்குள் போயிருக்கும். “மொத்தம் எவ்வளவு?” என்று மட்டும் கேட்டால் மொத்தத்தைத்தான் சொல்வார்கள். “ஐட்டம் வாரியாகப் பிரித்துக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். கணினித் திரையில் பிரிந்துதான் இருக்கும், திருப்பிக் காட்டுவதில் அவர்களுக்குச் சிரமம் இல்லை.

கட்டைக்கு அடிக் கணக்கு

மோல்டிங்குக்கு அடிக்கு இவ்வளவு என்று விலை. ஆனால் படத்தின் சுற்றளவை மட்டும் கணக்கிட்டால் போதாது. ஒரு ஃபிரேமுக்கு நான்கு துண்டு. ஒவ்வொரு துண்டின் இரு முனையையும் 45 டிகிரியில் சாய்த்து வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டிலும் கட்டையின் அகலம் அளவுக்குத் துண்டு வீணாகும். ஆக, சுற்றளவோடு கட்டை அகலத்தின் 8 மடங்கைக் கூட்டினால்தான் உண்மையான நீளம் வரும்.

16×20 இன்ச் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாலு பக்கமும் 3 இன்ச் மேட் வைத்தால் வெளி அளவு 22×26 ஆகும். சுற்றளவு 96 இன்ச். கட்டை 2 இன்ச் அகலம் என்றால் கழிவு 16 இன்ச். மொத்தம் 112 இன்ச், அதாவது 9 அடி 4 இன்ச். கடையில் முழு அடியாக ஏற்றி 10 அடி என்று போட வாய்ப்பு அதிகம். கட்டையை 1 இன்ச் அகலமாக மாற்றினால் 104 இன்ச். 9 அடியில் முடியும். நீளத்தில் மிச்சம் ஒரே ஒரு அடிதான். ஆனால் மெல்லிய கட்டைக்குப் பெரும்பாலும் அடி விலையும் குறைவு என்பதால் இரண்டும் சேர்ந்து பில்லைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இறக்கும்.

சில இடங்களில் ‘யுனைடெட் இன்ச்’ என்று சொல்வார்கள். அகலத்தையும் உயரத்தையும் கூட்டினால் வரும் எண் அது. மேலே சொன்ன ஃபிரேமுக்கு 22+26, ஆக 48. கண்ணாடிக்கும் மேட்டுக்கும் விலைப் படிகள் இந்த எண்ணை வைத்து ஏறினால், படி எங்கே மாறுகிறது என்று கேட்டுவிடுங்கள். எல்லையைத் தாண்டி ஓர் இன்ச்சில் நிற்கிறீர்கள் என்றால், மேட்டை அரை இன்ச் ஒடுக்கினால் போதும்.

தள்ளுபடி பலகையை நம்பலாமா?

70 சதவீதம் என்ற பலகை 50 சதவீதத்தைவிட மலிவு என்று தோன்றும். அப்படி இருக்க வேண்டியதில்லை. புரிவதற்காக ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். கட்டை அடிக்கு 24 டாலர், 10 அடிக்கு 240. மேட் 40, கண்ணாடி 75, மவுன்டிங்கும் பின்னட்டையும் 35, கூலி 40. தள்ளுபடிக்கு முன் மொத்தம் 430.

எல்லா வரிக்கும் 50 சதவீதம் கழித்தால் 215 டாலர். கட்டைக்கு மட்டும் 70 சதவீதம் என்றால், கட்டை 72 ஆக இறங்கும். மீதி 190 அப்படியே நிற்கும். கூட்டினால் 262. பெரிய எண் போட்ட பலகைக்குக் கூடுதலாக 47 டாலர்! பலகையின் அடியில் பொடி எழுத்தில் “ஃபிரேமுக்கு மட்டும்” என்று இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே ‘ஃபிரேம்’ என்றால் கட்டை மட்டும்தான்.

இன்னொன்று, இந்தத் தொழிலில் தள்ளுபடி இல்லாத நாள் அபூர்வம். நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் மைக்கேல்ஸ் நிறுவனத்தின் ஃபிரேம் தள்ளுபடி விளம்பரங்களைக் கிளறிப் பார்த்ததே இதனால்தான். ‘வழக்கமான விலை’ என்று அடித்துக் காட்டிய விலைக்கு ஃபிரேம் விற்கவே இல்லை, ‘சலுகை’ வாரா வாரம் ஓடிக்கொண்டே இருந்தது என்பது புகார். 2011இல் சுமார் 18 லட்சம் டாலரில் அது முடிந்தது. பின்னர் ஹாபி லாபியும் அதே அலுவலகத்தோடு இதே மாதிரியான விவகாரத்தைப் பணம் கட்டி முடித்துக்கொண்டது. ஆகவே “இன்றோடு சலுகை முடிகிறது” என்பதற்காக அவசரப்பட வேண்டாம். பக்கத்தில் உள்ள தனி ஃபிரேம் கடையில் தள்ளுபடி பலகையே இருக்காது. ஆனால் அங்கே சொல்லும் முதல் விலை, இங்கே தள்ளுபடி போன விலைக்குப் பக்கத்தில் நிற்கலாம். ஒரே அகலக் கட்டை, ஒரே தரக் கண்ணாடி, ஒரே மேட் என்று வைத்து இரண்டு இடத்துக் கடைசித் தொகையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெரிய மிச்சம் ரெடிமேட் அளவில்

கட்டையை மாற்றி, கண்ணாடியை மாற்றி அங்கே பத்து, இங்கே பதினைந்து டாலர் மிச்சம் பிடிப்பதைவிட, ஃபிரேமை ரெடிமேடாக வாங்கி, மேட்டை மட்டும் அளவு சொல்லி வெட்டிக்கொள்வதுதான் பெரிய மிச்சம். இதைக் கவுன்டரில் தானாகச் சொல்ல மாட்டார்கள். கேட்டால் செய்து கொடுப்பார்கள்.

அமெரிக்கக் கடைகளில் எளிதில் கிடைக்கும் ஃபிரேம் அளவுகள் 8×10, 11×14, 16×20, 18×24, 20×24, 24×36. நம் 16×20 படத்துக்கு 3 இன்ச் மேட்டுக்குப் பதில் 2 இன்ச் வைத்தால் வெளி அளவு 20×24. அது ரெடிமேட் அளவு. 240 டாலர் கட்டை வரியே பில்லிலிருந்து போய்விடும். அதே 20×24ஐ அளவு சொல்லிச் செய்தால் 9 அடி கட்டை வேண்டும். மிச்சம் ஓர் அடிதான். அளவைச் சுருக்குவதால் மிச்சமாவது கொஞ்சம், ரெடிமேட் அளவில் போய் உட்கார்வதால் மிச்சமாவது நிறைய.

ஊரிலிருந்து வந்த தாளாக இருந்தால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் சான்றிதழும் பிரின்ட்டும் ஏ4 தாளில் வரும்: 8.27×11.69 இன்ச். அமெரிக்காவில் சான்றிதழ் ஃபிரேம் 8.5×11. ஏ4 தாள் அகலத்தில் கொஞ்சம் ஆடும், உயரத்தில் முக்கால் இன்ச் வரை நீண்டு நிற்கும். அடியில் மடித்துச் செருகுகிறார்கள்; மடிப்பு விழுந்த இடத்தில் பல்கலைக்கழக முத்திரை இருக்கும். சரி, மேட் போட்ட 11×14 ரெடிமேட் ஃபிரேம் வாங்கலாம் என்றால், அந்த மேட்டின் திறப்பு 8×10 படத்துக்கானது, அதாவது ஏறக்குறைய 7.5×9.5. ஏ4 தாளில் மேலும் கீழும் ஓர் இன்ச்சுக்கு மேல் மறைந்துவிடும். மேலே பல்கலைக்கழகப் பெயரும் கீழே கையெழுத்தும் போய், நடுவில் இருக்கும் வாக்கியம் மட்டும் தெரியும். இதற்கு வழி: 11×14 ஃபிரேமை வாங்குங்கள், உள்ளே வரும் மேட்டை எடுத்துவிடுங்கள், 8 × 11⅜ திறப்போடு புது மேட் வெட்டச் சொல்லுங்கள். பக்கங்களில் ஒன்றரை இன்ச்சும் மேலும் கீழும் ஒன்றேகால் இன்ச்சுக்குச் சற்று அதிகமாகவும் வரும், பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஏ3 தாளுக்கு இதே வழியில் 16×20 ஃபிரேம் பொருந்தும்.

திறப்பு எப்போதும் தாளைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். பக்கத்துக்கு ⅛ இன்ச், மொத்தம் கால் இன்ச். சரிக்குச் சரி வெட்டினால் தாள் திறப்பு வழியே முன்பக்கம் நழுவி விழும். தாளின் ஓரத்தில் கையெழுத்தோ எண்ணோ இருந்தால் அதை வாயால் சொல்லுங்கள், விரலால் காட்டுங்கள், வேலைச் சீட்டில் எழுத வையுங்கள்.

உலோக ஃபிரேம் பிடிக்கும் என்றால் இன்னொரு வழி உண்டு. ஒரே நீளத்தில் இரண்டு துண்டு கொண்ட ஜோடிகளாக அலுமினியச் சட்டம் விற்கிறார்கள். அகலத்துக்கு ஒரு ஜோடி, உயரத்துக்கு ஒரு ஜோடி வாங்கினால் 17×23 மாதிரியான ஒழுங்கற்ற அளவும் அமையும். மூலைக்கான எல் தகடும் திருகும் கூடவே வரும். ஸ்க்ரூடிரைவர் இருந்தால் போதும். மூன்று பக்கத்தைப் பூட்டிவிட்டுக் கண்ணாடியையும் அட்டைகளையும் சேர்த்துச் செருகி, நான்காவதைக் கடைசியில் பூட்ட வேண்டும். திருகை முதலிலேயே முழுதாக இறுக்கிவிட்டால் நான்காவது பக்கம் உள்ளே போகாது.

கண்ணாடியில் எதற்குப் பணம்

சாதாரணக் கண்ணாடி, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, அதோடு பிரதிபலிப்பையும் நீக்கிய மியூசியம் கண்ணாடி. விலை இந்த வரிசையில் ஏறும். இங்கே அதிகம் கேள்விப்படும் பெயர் ட்ரூ வியூ என்ற நிறுவனம். அவர்களுடைய கன்சர்வேஷன் வகைக் கண்ணாடி 99 சதவீதப் புற ஊதாக் கதிரைத் தடுக்கும். சாதாரணக் கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் சுமார் 8 சதவீதத்தைத் திருப்பி அடிக்கும். மியூசியம் கண்ணாடியில் அது 1 சதவீதத்துக்கும் கீழ்.

இதில் எங்கள் தீர்ப்பு கறாரானது. மறுபடி அச்சடிக்கக் கூடிய போஸ்டருக்குச் சாதாரணக் கண்ணாடி போதும். வாட்டர்கலர், பழைய புகைப்படம், பேனா மையில் எழுதிய கடிதம், துணி இவற்றுக்குக் கன்சர்வேஷன் கண்ணாடிக்குக் கீழே இறங்காதீர்கள். மியூசியம் கண்ணாடி, ஜன்னலுக்கு எதிரே மாட்டும் படத்துக்கும் இருண்ட நிறப் படத்துக்கும்தான் காசுக்குத் தகும். எதுவானாலும் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நிறத்தை உறிஞ்சும். 99 சதவீதம் என்று சொன்னார்களே என்று நேர் வெயிலில் மாட்டக் கூடாது.

கண்ணாடிக்குப் பதிலாகப் போடும் அக்ரிலிக் எடை பாதிதான், எளிதில் உடையாது. பெரிய படத்துக்கும் குழந்தை அறைக்கும் அது நல்லது. ஆனால் நிலைமின் ஈர்ப்பு உண்டு. சார்கோல், பேஸ்டல் ஓவியத்தின் பொடியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அமோனியா கலந்த கண்ணாடி திரவத்தால் துடைத்தால் மங்கிப்போகும்.

மேட்டும் மவுன்டிங்கும்

மேட் அழகுக்கு மட்டும் இல்லை. கண்ணாடியில் படம் ஒட்டாமல் காக்கும் இடைவெளி அது. தாத்தா காலத்துப் புகைப்படங்கள் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருப்பது இந்த இடைவெளி இல்லாததால்தான். ஈரப்பதத்தில் படத்தின் மேல்பூச்சு இளகிக் கண்ணாடியைப் பற்றிக்கொள்கிறது. அப்படி ஒட்டியதைப் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்து, பிரதிக்கு ஃபிரேம் போடுங்கள்.

மேட் அட்டையில் அமிலம் இருந்தால், சில ஆண்டுகளில் திறப்பின் சாய்ந்த வெட்டு பழுப்பாகும். பிறகு அதே பழுப்பு படத்தின்மேல் ஒரு கோடாக இறங்கும். அழியாத கோடு அது. அமிலம் இல்லாத மேட்டுக்கான விலை வித்தியாசம் மொத்த பில்லில் சிறியதுதான், அதைக் குறைக்க வேண்டாம். கடையில் இரண்டு அடுக்கு மேட் பரிந்துரைப்பார்கள். உள் அடுக்கு கால் இன்ச் மட்டும் எட்டிப் பார்க்கும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அதற்கும் முழுத் தாள் விலை. பட்ஜெட் இறுகினால் முதலில் வெட்ட வேண்டிய வரி இது.

மவுன்டிங்கில்தான் திருத்த முடியாத தவறு நடக்கும். ‘ட்ரை மவுன்ட்’ என்றால் சூட்டாலும் அழுத்தத்தாலும் படத்தை அட்டையோடு நிரந்தரமாக ஒட்டிவிடுவது. அலையலையாக நெளிந்த போஸ்டரைத் தட்டையாக்க இது சரி. மூலப் படைப்புக்கோ, விலைமதிப்புள்ள பிரின்ட்டுக்கோ, சான்றிதழுக்கோ வேண்டவே வேண்டாம். “ஹிஞ்ச் போதும், ட்ரை மவுன்ட் வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள். மேல் ஓரத்தில் இரண்டு இடத்தில் மட்டும் மெல்லிய தாள் பட்டையால் தொங்கவிடுவது ஹிஞ்ச். நாலு பக்கமும் டேப் ஒட்டினால் ஈரப்பதத்தில் தாள் விரிய இடமில்லாமல் நடுவில் உப்பும். வீட்டில் இருக்கும் செல்லோடேப்பைத் தொடாதீர்கள். அது மஞ்சளாகி, பசை தாளுக்குள் ஊறிவிடும்.

ஆழம் என்ற கேட்கப்படாத கேள்வி

கட்டையின் உள்விளிம்பில் படம் உட்காரும் பள்ளத்தின் ஆழத்தை யாரும் கேட்பதில்லை. கண்ணாடி 2.5 மில்லிமீட்டர், மேட் 1.5, படத்துக்குப் பின்னால் ஒட்டும் அட்டை 1.5, ஃபோம் போர்டு ஏறக்குறைய 5. கூட்டினால் 10 மில்லிமீட்டருக்கு மேல். பள்ளம் ⅜ இன்ச் என்றால் 9.5 மில்லிமீட்டர்தான். அடுக்கு பின்னால் துருத்தும். மெல்லிய கட்டையை மலிவுக்காக எடுக்கும்போது இதைக் கேட்க வேண்டும். துருத்தினால் அடுக்கைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளும் வளைந்த தகடான ‘ஆஃப்செட் கிளிப்’ போட்டுச் சமாளிக்கலாம், சுவரோடு ஒட்டி உட்காராது, அவ்வளவுதான்.

தஞ்சாவூர் ஓவியத்துக்கு இந்தக் கேள்விதான் தலை. பலகை, அதன்மேல் துணி, சுண்ணப்பொடியும் பசையும் குழைத்து எழுப்பிய புடைப்பு, தங்க ரேக்கு, கல். கண்ணாடி புடைப்பைத் தொட்டால் ரேக்கு தேயும், கல் உதிரும். கவுன்டரில் இருப்பவர் இப்படி ஒன்றைப் பார்த்திராமல் இருக்கலாம். மேட் வைத்தால் போதும் என்று நினைப்பார். ஒரு மேட்டின் தடிமன் 1.5 மில்லிமீட்டர்தானே, புடைப்பு அதைத் தாண்டும். செய்ய வேண்டியது: புடைப்பின் உச்சிக்கு அளவுகோல் வைத்து மில்லிமீட்டரில் அளந்துகொண்டு போங்கள். அதைவிடக் குறைந்தது 3 மில்லிமீட்டர் அதிகமான ஸ்பேசர் பட்டை கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் வர வேண்டும். பலகையின் தடிமனையும் சேர்த்தால் சாதாரணக் கட்டை போதாது; ஆழமான ‘ஷேடோ பாக்ஸ்’ கட்டை கேளுங்கள். சூடு காட்டும் எந்த வேலையும் வேண்டாம் என்று சீட்டில் எழுத வையுங்கள். தங்கத்தின் மினுமினுப்பைக் கண்ணாடியின் மினுமினுப்பு கெடுக்கும் என்பதால் மியூசியம் கண்ணாடிக்குக் காசு போடுவது வீணாகாத இடம் இது. மாட்டும்போது ஹீட்டர் துவாரத்துக்கும் நெருப்படுப்புக்கும் மேலே வேண்டாம். குளிர்காலத்து வறண்ட சூடான காற்றில் பூச்சு வெடிக்கும்.

புடவைத் துண்டும் கலம்காரியும் என்றால் பசை கூடாது. அட்டையோடு ஊசி நூலால் தைத்துத்தான் பொருத்த வேண்டும். அதற்குத் தனிக் கூலி வரும், அது நியாயம்தான்.

கொடுக்கும்போதும் வாங்கும்போதும்

கொடுக்கும் முன் படத்தை முன்னும் பின்னும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வேலைச் சீட்டில் மோல்டிங் எண், மேட் எண், கண்ணாடி வகை, மவுன்டிங் முறை நான்கும் எழுதியிருக்க வேண்டும். படம் சேதமானால் கடை எவ்வளவு வரை பொறுப்பு ஏற்கும் என்ற வரியையும் படியுங்கள்.

வாங்கும்போது கவுன்டரிலேயே பாருங்கள், வீட்டில் போய் அல்ல. நாலு மூலையிலும் விரல் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டினால் அங்கே இணைப்பு விலகியிருக்கிறது. படத்தைச் சாய்த்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் கண்ணாடிக்குள் தூசியோ முடியோ தெரியும். இருந்தால் திறந்து துடைத்துத் தரச் சொல்லுங்கள், அதற்குக் காசு இல்லை. மேட்டின் மூலைகளில் கத்தி தாண்டிப் போன கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் திருப்பினால் தாள் இறுக்கமாக ஒட்டியிருக்க வேண்டும், கீழ் மூலைகளில் இரண்டு சிறு மெத்தைப் பொட்டுகள் இருக்க வேண்டும், கம்பி மாட்டும் வளையங்கள் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறங்கிய இடத்தில் இருக்க வேண்டும். 22×26 ஃபிரேமில் கண்ணாடி மட்டும் 2 கிலோவுக்கு மேல். ஆகவே சுவரில் ஒரே ஆணியை நம்பாமல், ஓரடி இடைவெளியில் இரண்டு கொக்கி அடித்து மாட்டுங்கள். ஒருபக்கமாகச் சாயவும் செய்யாது.